கடைசிச் சரணத்தின் மௌனம்

என் அம்மாவைப் பற்றி இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர. மேடை ஏறும் முன் அவள் வெந்நீர் குடிப்பாளா தண்ணீர் குடிப்பாளா, எந்தப் பாட்டில் கண்ணை மூடுவாள், எந்தக் கையால் மைக்கைப் பிடிப்பாள், எல்லாம் எங்கள் தெருப் பழக்கடைக்காரருக்கு அத்துப்படி. நான் பழம் வாங்கப் போனால் பழத்துக்கு முன்னால் என் முகத்தைத்தான் எடை போடுவார். "மூக்கு மட்டும் அப்படியே அம்மா. மத்ததெல்லாம் யாரோ" என்பார். காசு கொடுத்துவிட்டு இதையும் கேட்டுக்கொண்டு வர வேண்டும்.

அம்மா சாகும்போது எனக்கு நடையே சரியாக வரவில்லை. மஞ்சள் காமாலை. முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்பா வேறு குடும்பம், வேறு நாடு என்று போய்விட்டார். என்னை வளர்த்தது சித்தி, அம்மாவின் ஒரே தங்கை. அம்மாவைப் பற்றி ஞாபகம் என்று எனக்கு ஒரு துணுக்குகூடக் கிடையாது. புகைப்படங்கள் நிறைய இருக்கின்றன. அவை முடிதிருத்தும் கடையிலும் இருக்கின்றன.

செத்து முப்பது வருஷம் ஆகிறது, 'மணிக்குரல்' என்று அவள் பேரைச் சொன்னால் இன்னும் ஊர் கிறுகிறுத்துப் போகிறது. டாக்சியில் அவள், லிஃப்டில் அவள், பல் பிடுங்கப் போனால் அங்கேயும் அவள். அவள் செத்த பிறகு பிறந்ததுகள் எல்லாம் அவள் முகத்தைத் தோளில் பச்சை குத்திக்கொண்டு அலைகின்றன. இந்தப் பைத்தியத்தின் உச்சம் என்னவென்றால், அவள் பாடியதைவிட, பாடாமல் விட்ட ஓர் இடத்தைத்தான் இவர்கள் அதிகம் கொண்டாடுகிறார்கள்.

அவளுடைய கடைசிக் கச்சேரி, கடைசிப் பாட்டு, கடைசிச் சரணம். இரண்டாம் வரி முடிந்ததும் சட்டென்று நிறுத்துகிறாள். டிரம் மட்டும் மெதுவாகத் தட்டிக்கொண்டிருக்கிறது, கூட்டம் இரைகிறது. பிறகு மூன்றாம் வரியை எடுக்கிறாள், அதுவரை அவள் எந்தப் பாட்டிலும் காட்டாத ஒரு கனிவோடு. அவ்வளவுதான் விஷயம். இதற்கு ஊர் சொல்லும் காரணங்களைக் கேட்டால் தலை சுற்றும். கூட்டத்தில் பழைய காதலனைப் பார்த்துவிட்டாள். சாவு கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பேராசிரியர் அந்த மௌனத்தைப் பற்றித் தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் எழுதினார். பாட்டு வகுப்புகளில் அதைப் பாடமாகவே நடத்துகிறார்கள். போட்டிகளில் அந்த இடத்தில் சரியாக நிறுத்தாதவர்களுக்கு மதிப்பெண் வெட்டு. ஒரு முறை ஒரு பையன் பரிசு ஆசையில் நிறுத்தினான் நிறுத்தினான், திரை இழுப்பவர் பாட்டு முடிந்துவிட்டது என்று திரையைப் போட்டுவிட்டார். வருஷா வருஷம் அவள் நினைவு நாளில் பெரிய மண்டபத்தில் கூடி அந்தப் பாட்டைப் போட்டு, அந்த இடம் வந்ததும் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். நான் ஒரு தடவையும் போனதில்லை. என் தாயைப் பற்றி எனக்கே பாடம் எடுப்பவர்கள் நடுவில் போய் உட்கார எனக்கு என்ன தலையெழுத்தா?

நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். ஒரு வெள்ளைக் கார், என் பக்கத்திலும் ஒரு பிரேக், அதை மிதிக்க நல்ல வலுவான ஒரு கால். வண்டியில் பாட்டுப் போடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். காரணம் கேட்டால் கவனம் சிதறும் என்பேன்.

போன மாதம் ஒருவர் சேர்ந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், முன்வழுக்கை, மெல்லிய குரல். ஸ்டியரிங்கைப் பாம்பைப் பிடிப்பதுபோல் பிடிப்பார். நானும் எத்தனையோ மண்டூகங்களைத் தேற்றியிருக்கிறேன், இவர் தேறுகிற ஜாதி இல்லை. மூன்றாம் நாள் சிக்னலில் வண்டியை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கோவிச்சுப்பேன். முதல்ல கிளட்சை முழுசா மிதிங்க."

"நான் வண்டி கத்துக்க வரல மேடம்."

"அது நீங்க ஓட்டுறதைப் பார்த்தாலே தெரியுது. பின்னால ஹார்ன் அடிக்கிறான், ஓரமா நிறுத்துங்க."

ஓரமாக நிறுத்துவதற்குள் இரண்டு முறை வண்டி குதித்தது. ஹேண்ட் பிரேக்கை நானே இழுத்தேன். அவர் அம்மாவின் பாட்டுகளை வெளியிடும் கம்பெனியில் ஒலிப்பதிவாளர். போன் செய்து பார்த்தாராம், நான் எடுக்கவில்லையாம். அம்மா பெயரைச் சொல்லி யார் போன் செய்தாலும் நான் எடுப்பதில்லைதான்.

"முப்பதாவது வருஷத்துக்காக அந்தக் கடைசிக் கச்சேரியைப் புதுசா வெளியிடறோம். பழைய கிடங்குல மூல டேப் கிடைச்சது மேடம். இத்தனை நாள் ஊர் கேட்டது எல்லா மைக்கும் ஒண்ணா கலந்தது. கூட்டத்தோட இரைச்சல்தான் அதுல தூக்கலா இருக்கும். இதுல ஒவ்வொரு மைக்கும் தனித்தனியா இருக்கு. உங்கம்மா மைக்கை மட்டும் தனியா கேட்டேன். கேட்டதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல."

காதில் மாட்டிக்கொள்ளும் பெரிய ஹெட்போனை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் வாங்கி மாட்டிக்கொண்டேன்.

அம்மாவின் குரல், இரண்டாம் வரி. நிறுத்துகிறாள். தூரத்தில் ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது. யார் பெற்றதோ, கச்சேரிக்கெல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள் என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது. அப்புறம், மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுகிற மாதிரி, பாட்டுக் குரலே இல்லாத ஒரு சாதாரணப் பொம்பளைக் குரல்.

"அடி உருண்டை, அழாதடி. ரெண்டே வரிதான் பாக்கி. அம்மா இதோ வந்துட்டேன்."

குழந்தை ஒரு முறை விக்கியது. அடங்கிவிட்டது. அம்மா மூன்றாம் வரியைப் பாடினாள். பாடினாள் என்றா சொல்வது, அந்தக் குழந்தைக்குச் சொன்னாள்.

நான் ஹெட்போனைக் கழற்றவில்லை. "இன்னொரு தடவை" என்றேன். அவர் போட்டார். "இன்னொரு தடவை." பக்கத்தில் குப்பை வண்டி வந்து நின்று, வழி விடச் சொல்லி அதன் ஓட்டுநர் கத்தியது வாயசைவாகத் தெரிந்தது. என் அம்மா என்னோடு பேசிக்கொண்டிருக்கிறாள், குப்பை கொஞ்ச நேரம் நாறட்டுமே என்று இருந்தது.

"இதை அழிக்கச் சொல்றார் மேடம், முதலாளி" என்றார் ஒலிப்பதிவாளர். "அழுகையும் வேண்டாம், பேச்சும் வேண்டாம், மௌனத்தைச் சுத்தமா ஆக்கிக் கொடுன்னு. அந்த மர்மத்தை வெச்சுத்தான் இத்தனை வருஷமா கடை ஓடுது. எனக்குக் கை வரல. அழிக்கிறதுக்கு முன்னால உங்க காதுல போடணும்னு தோணுச்சு."

முதலாளி என்று அவர் சொன்னது வேறு யாரையும் இல்லை, அந்தக் காலத்தில் அம்மாவுக்கு மேனேஜராக இருந்தவரை. அம்மா போன பிறகு அவள் பாட்டுகளை வைத்துக் கம்பெனி தொடங்கி மாடிக்கு மேல் மாடி கட்டியவர். புது வெளியீட்டுக்கு வாரிசு என்ற முறையில் என் கையெழுத்து வேண்டும், அதற்குத்தான் ஆள் மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தார்.

"அழிக்கட்டும். எனக்கு மட்டும் ஒண்ணு கொடுங்க" என்றேன். அப்போது உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். ஊரே பங்கு போட்டுக்கொண்ட தாயிடமிருந்து எனக்கென்று ஒரு வாய்ச் சொல் கிடைத்திருக்கிறது. அதையும் பழக்கடைக்காரரிடம் கொடுப்பேனா?

வீட்டுக்குப் போனபோது சித்தி பள்ளிச் சீருடைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தால் கடைசிச் சரணத்துக்கு முன்பே சித்தி எழுந்துபோய் அணைத்துவிடுவாள். அக்காவை நினைத்து வருத்தம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒலிப்பதிவாளர் கொடுத்த பிரதியைப் போட்டு ஹெட்போனை அவள் காதில் மாட்டினேன். தையல் மெஷின் மிதியிலிருந்து அவள் கால் நழுவியது.

"உருண்டை" என்றாள். "அவ ஒருத்திதான் உன்னை அப்படிக் கூப்பிடுவா. அவளோடயே அந்தப் பேரும் போச்சு." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை போடு. அவ திட்டலையே? நல்லாக் கேளு, அவ என்னைத் திட்டலைதானே?" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் அவளைப் பேச வைத்தேன்.

அம்மாவுக்குக் கல்யாணம் ஆகிக் குழந்தை இருப்பது அப்போது வெளியே யாருக்கும் தெரியாது. தெரிந்தால் மார்க்கெட் போய்விடும் என்று மேனேஜர் மூடி வைத்திருந்தார். கச்சேரி என்றால் பதினெட்டு வயதுச் சித்தி என்னை வைத்துக்கொண்டு ஓட்டல் அறையில் அடைந்து கிடக்க வேண்டும். அன்று நான் அழுத அழுகையில் என்ன செய்வதென்று தெரியாமல் என்னைத் தூக்கிக்கொண்டு மேடையின் பக்கவாட்டுக்கு ஓடியிருக்கிறாள். அங்கே ஆள் உயர ஸ்பீக்கர். அந்தச் சத்தத்தில் அக்கா பாட்டை நிறுத்தியது தெரிந்தது, தன் பக்கம் திரும்பியது தெரிந்தது, வாய் அசைந்தது தெரிந்தது. என்ன சொன்னாள் என்பது கேட்கவில்லை.

"திட்டுறான்னு நினைச்சு உன்னைத் தூக்கிட்டு ஓடிட்டேன்டி. அந்த மேனேஜர் பின்னாலேயே வந்து கன்னத்துல ஒண்ணு வெச்சான். உன்னாலதான் கச்சேரி நாசமாச்சு, உங்கக்கா மானமே போச்சுன்னான். அக்காவை அப்படியே அடுத்த ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அங்க மேடை ஏறுறதுக்கு முன்னாலேயே படுத்துட்டா. திரும்பி வந்தது ஆஸ்பத்திரிக்குத்தான். நினைவே இல்ல. நான் யார்கிட்டப் போய்க் கேப்பேன்? உன்கிட்டச் சொன்னா, உன் அழுகையாலதான்னு நீ மனசு ஒடிஞ்சு போவேன்னு வாயை மூடிட்டேன்."

முப்பது வருஷம். கல்யாணமும் வேண்டாம் என்று எனக்குச் சோறு போட்டு, சட்டை தைத்துப் போட்டு, அக்காவின் கடைசிக் கச்சேரியைக் கெடுத்த பாவி என்று தன்னை நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் அந்த வீட்டில் பிரேக் இருந்திருந்தால் மிதித்தே உடைத்திருப்பேன். சித்தியின் கன்னத்தில் ஒரு பொய்யை அறைந்துவிட்டு, அதே பொய்யை மர்மம் என்று ஊருக்கு விற்றுக்கொண்டிருக்கிறார் அந்த மனிதர். இதை நான் என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டால் நானும் அவருக்குக் கூட்டு.

மறுநாள் முதலாளியே வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை, வாசனை வேறு. சித்தி உள்ளறைக்குப் போய்விட்டாள்.

"அம்மா சொன்னது அப்படியே வரணும். அழுகையோட, பேச்சோட. இல்லேன்னா கையெழுத்து இல்ல" என்றேன்.

"ரசிகர்கள் கொதிச்சுப் போயிடுவாங்கம்மா. அவங்க நம்பிக்கையில மண்ணைப் போடாதே."

"கொதிச்சா இறக்கி வெச்சுக்கலாம். நினைவு நாள் அன்னிக்கு மண்டபத்துல போடுங்க. போட்டு முடிச்சதும் மேடையிலேயே கையெழுத்துப் போடறேன்."

மீசையைத் தடவினார். பிறகு, "சரிம்மா, உன் இஷ்டம்" என்று சிரித்தார். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதும் எனக்குச் சந்தேகம் வந்தது. சாயங்காலம் ஒலிப்பதிவாளரிடமிருந்து போன் வந்தது. மௌனத்தைச் சுத்தமாக்கிய பதிவைத்தான் மண்டபத்தில் போட வேண்டும் என்று உத்தரவாம். ஆயிரக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மேடையில் நான் மாட்டேன் என்று சொல்ல முடியாது என்பது முதலாளியின் கணக்கு.

"நீங்க எதைப் போடப் போறீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டும் என்கிட்ட இருக்கு மேடம்" என்றார் அவர். "வேலை போனா ஓட்டுநர் வேலைக்குத்தான் போகணும். அதுக்கும் லாயக்கில்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க." போனை வைத்துவிட்டார். நினைவு நாள் வரைக்கும் எனக்கு அவர் பதில் என்ன என்று தெரியாது.

சித்தியை மண்டபத்துக்குக் கிளப்பியதே பெரும்பாடு. புடவையை மூன்று முறை மாற்றினாள். உள்ளே நுழைந்ததும் ரசிகர் சங்கத் தலைவர் ஓடி வந்தார். மருந்துக்கடை வைத்திருப்பவர், அந்த மௌனம் காதலனுக்காகத்தான் என்று வாதாடியே தலை நரைத்தவர். "பாப்பா, நீயே வந்துட்டியா!" என்று அழுதேவிட்டார். எங்களை முன்வரிசையில் உட்கார வைத்தார். இரண்டு நாற்காலி தள்ளி முதலாளி. சித்தியைப் பார்த்தார். அவள் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

விளக்கை அணைத்தார்கள். பாட்டு ஆரம்பித்தது. முன்வரிசையிலிருந்து மாடி வரைக்கும் கூடவே முணுமுணுக்கிறார்கள், ஒரு சொல் பிசகவில்லை. கடைசிச் சரணம். முதல் வரி. இரண்டாம் வரி. மண்டபம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மேலே கண்ணாடி அறையில் ஒலிப்பதிவாளரின் வழுக்கை மட்டும் தெரிந்தது. டிரம் தட்டுகிறது. தட்டுகிறது. ஒன்றுமே இல்லை. முதலாளி காலின் மேல் கால் போட்டுக்கொண்டார்.

அப்போது குழந்தை அழுதது.

அந்தப் பெரிய ஸ்பீக்கர்களில் அது இடி மாதிரி இறங்கியது. ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், மண்டபத்தில்தான் ஏதோ குழந்தை என்று. பிறகு மணிக்குரல் பேசினாள். "அடி உருண்டை, அழாதடி. ரெண்டே வரிதான் பாக்கி. அம்மா இதோ வந்துட்டேன்." குழந்தை விக்கியது, அடங்கியது. மூன்றாம் வரி வந்தது. கூடப் பாட வேண்டியவர்கள் யாரும் பாடவில்லை. நான்காம் வரியும் முடிந்து, பாட்டே முடிந்து, விளக்கும் வந்துவிட்டது. ஒருவரும் கைதட்டவில்லை.

முதலாளி எழுந்து, "இது ஏதோ தொழில்நுட்பக் கோளாறு" என்று ஆரம்பித்தார். அவரை யாரும் பார்க்கவில்லை. சங்கத் தலைவர் என் முன்னால் வந்து நின்றார். அவர் மோவாய் துடித்துக்கொண்டிருந்தது. காதலன் போய்விட்டான், முப்பது வருஷ வாதம் போய்விட்டது, மனிதர் அடிக்கப் போகிறாரோ என்றுகூட நினைத்தேன்.

"இத்தனை வருஷமா நாங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருந்தது உனக்காகவாம்மா?"

"ஆமா சார்" என்றேன். "இனிமே மூச்சு விடுங்க."

அவர் சிரித்தார். அழுதுகொண்டே சிரித்தார். பின்வரிசையில் யாரோ, "உருண்டை!" என்று கத்தினார்கள். மாடியிலிருந்து இன்னொரு குரல். பிறகு மண்டபமே எழுந்து நின்று கூப்பிட்டது. வேறொரு நாளாக இருந்தால் என்னை அப்படிக் கூப்பிட்டவன் பல்லைக் கையில் கொடுத்திருப்பேன். பிறந்ததிலிருந்து எல்லோரும் என் முகத்தில் அம்மாவைத் தேடி ஏமாந்து போனார்கள். அன்றுதான் அம்மாவின் குரலில் என்னைக் கண்டுபிடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தாங்க முடியாத சந்தோஷமாக இருந்தது.

சித்தி எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை. நேராக முதலாளி முன்னால் போய் நின்றாள். அவள் அவருக்குத் தோள் உயரம்கூட இல்லை.

"எங்க அக்கா என்னைத் திட்டலை" என்றாள்.

அவர் வாசல் பக்கம் பார்த்தார்.

"கேட்டீங்கதானே? திட்டலை. கச்சேரியும் நாசமாகலை. இந்தா, ஊரே அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கு." பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, தன் இடுப்பைத் தட்டிக் காட்டினாள். "அந்தக் குழந்தையைத் தூக்கி வெச்சிருந்தது நான்தான். இந்த இடுப்புலதான்."

அவ்வளவுதான், ஜனம் அவளை மொய்த்துக்கொண்டது. எந்தப் பக்கம் நின்றீர்கள், குழந்தை எந்தக் கையில் இருந்தது, அம்மா எப்படித் திரும்பினாள் என்று ஆயிரம் கேள்வி. தலையணைப் புத்தகம் எழுதிய பேராசிரியர் பேனாவோடு வரிசையில் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். ரேடியோவை அணைக்க ஓடுகிற என் சித்தி, பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்பீக்கர் எவ்வளவு உயரம் என்று கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். முதலாளியை அதன் பிறகு மண்டபத்தில் யாரும் பார்க்கவில்லை. அவர் கார் மட்டும் வழியை அடைத்துக்கொண்டு வெளியே நின்றதாம், எடுக்கத் தெரியாத ஆள் விட்டுவிட்டுப் போனதுபோல.

"இன்னொரு தடவை!" என்று கூட்டம் கேட்டது. கண்ணாடி அறையில் வழுக்கைத் தலை ஆடியது. மறுபடி விளக்கு அணைந்தது, மறுபடி பாட்டு. சித்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், கடைசிச் சரணம் வந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை. இரண்டாம் வரி முடிந்தது. இந்தத் தடவை யாரும் மூச்சைப் பிடிக்கவில்லை. குழந்தை அழுதது, மண்டபத்தில் பாதிப் பேர் "உச்சு" கொட்டினார்கள். ரெண்டே வரிதான் பாக்கி, அம்மா இதோ வந்துட்டேன் என்றாள் அம்மா.

"வாம்மா" என்றேன்.

சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. முன்னால் இருந்து மாடி வரைக்கும் அத்தனை பேருக்கும் கேட்டது. கேட்கட்டுமே.